பலர் உடுத்திய ஒரு நீலக் கால்சட்டை

பிறர் உடுத்திக் களைந்த ஆடையை நாம் எப்பொழுது ஏற்கிறோம்? அண்ணன் சட்டை தம்பிக்கு வருவதுண்டு. இருப்போர் இல்லார்க்கு ஈவதுண்டு. இவ்விரண்டிலும் அடங்காத ஒரு வழக்கம் ஜீன்ஸ் ஆர்வலர்களிடையே நிலவுகிறது. ஒருவர் ஒரு புதிய கால்சட்டையைச் சில வாரங்கள் நாள்தோறும் உடுத்துவார். பின்னர் அதை மடித்து, வேறு நகரத்தில் வாழும் மற்றோர் ஆர்வலர்க்கு அஞ்சலில் அனுப்பி வைப்பார். அவரும் உடுத்துவார்; கிழிந்த இடத்தைத் தைப்பார்; மூன்றாமவர்க்கு அனுப்புவார். இடுப்பளவு ஒத்தவரே இதில் பங்கு கொள்ள இயலும் என்பதுதான் பெரிய நிபந்தனை. பல ஊர் கண்டு வெளுத்து ஒட்டுப்போட்டுத் திரும்பும் அக்கால்சட்டையைப் புதியதினும் மேலாக அவர்கள் போற்றுகின்றனர்.

கேட்போர்க்கு இது வேடிக்கையாகத் தோன்றும். எமக்கும் முதலில் அவ்வாறே தோன்றியது. கசங்கி வெளுத்த துணிக்கு இத்துணை மதிப்பு ஏன் என்பதை அறிய, அத்துணியின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

ஜீன்சுக்குரிய டெனிம் துணியில் பாவு நூல் நீலம். ஊடை நூல் வெள்ளை. சாய்வரியாக நெய்யப்படுவதால் பாவு நூல் மிகுதியும் மேற்புறத்தில் தோன்றும். ஆகவே வெளியே நீலமும் உள்ளே வெண்மையும் காண்கிறோம். அந்நீலம் அவுரிச் சாயமாகும். அவுரி நீலம் நீரில் கரையாது. தொட்டியில் அதன் ஆக்சிஜனேற்றத்தை நீக்கிக் கரையும் நிலைக்குக் கொணர்ந்தால் அது மஞ்சள் கலந்த பச்சையாக நிற்கும். அதில் தோய்த்த நூலைக் காற்றில் தூக்கிப் பிடிக்க, கண்ணெதிரே அது நீலமாக மாறும். இவ்வாறு பன்முறை தோய்த்தாலும் சாயம் நூலின் மேற்பரப்பிலேயே தங்குகிறது; நடுப்பகுதி வெண்மையாகவே இருந்துவிடுகிறது. உராயுமிடமெல்லாம் மேற்பரப்பு தேய்ந்து உள்வெண்மை வெளிப்படுகிறது. வேறு துணியாயின், "சாயம் போகிறதே" என்று கடைக்காரரிடம் வழக்காடச் செல்வோம். ஜீன்சிலோ அந்தக் குறையே சிறப்பாகிவிட்டது.

ஈண்டு ஒன்றைச் சொல்லிச் செல்வது தகும். நம் வடமொழிச் சொல்லாகிய 'நீல', அரபியில் 'நீல்' ஆயிற்று. அரபிச் சார்பொட்டுடன் போர்த்துக்கீசியரிடம் 'அனில்' ஆயிற்று. அதிலிருந்தே 'அனிலின்' என்ற வேதிப்பெயர் பிறந்தது. 1897இல் ஜெர்மனியின் பாஸ்ஃப் நிறுவனம் செயற்கை அவுரியை விற்பனைக்குக் கொணர்ந்த பின் இயற்கை அவுரியின் வாணிகம் சரிந்தது. எனினும் திண்டிவனம் வட்டாரத்தில் அவுரி பயிரிடும் உழவர் இன்றும் உளர்.

ஜீன்ஸ் உழைப்பாளியின் உடையாகவே பிறந்தது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் ஜேக்கப் டேவிஸ் என்னும் தையற்காரர், பைகள் கிழிந்து போகாதிருக்க அவற்றின் மூலைகளில் உலோக ஆணிகளை அறைந்தார். துணி வணிகர் லெவி ஸ்ட்ராஸுடன் இணைந்து 1873 மே 20ஆம் நாள் அதற்குக் காப்புரிமை பெற்றார். சுரங்கத்தில் மண்டியிட்டவனின் முழங்கால் வெளுத்தது. அவன் குனிந்து நிமிர்ந்த இடுப்பில் மீசை போன்ற கோடுகள் விழுந்தன. முழங்காலின் பின்புறம் தேன்கூடு போல் மடிப்புகள் பதிந்தன. இவற்றை யாரும் வரையவில்லை. உடலும் வேலையும் சேர்ந்து எழுதியவை இவை. எனவே ஒரு கால்சட்டை பலரிடம் சென்று வந்தால், ஒருவர் மடிப்பின்மேல் மற்றவர் மடிப்பு விழுகிறது; எவருடையது எது என்று பிரித்தறிய இயலாதவாறு கலந்துவிடுகிறது.

இக்கருத்தை ஓர் ஊரே செய்து காட்டிய நிகழ்ச்சி ஜப்பானில் உண்டு. ஹிரோஷிமா மாநிலத்தில் ஒனோமிச்சி என்பது ஒரு துறைமுக நகரம். அவ்வட்டாரம் ஜப்பானிய டெனிம் தொழிலுக்குப் பேர்பெற்றது. 2013இல் அங்கு ஒரு திட்டம் தொடங்கப்பட்டது. மீனவர், தச்சர், உழவர், கோயில் துறவியர் எனப் பல தொழிலினரான ஏறத்தாழ 270 ஊர்மக்களிடம் ஆளுக்கு இரண்டு புதிய ஜீன்ஸ்கள் கொடுக்கப்பட்டன. ஒன்றை ஒரு வாரம் உடுத்தி வேலை செய்ய வேண்டும். வார இறுதியில் அதைப் பெற்றுச் சென்று துவைப்பர். அதுவரை மற்றொன்றை உடுத்த வேண்டும். இவ்வாறு ஓராண்டு கழிந்தபின் அவை கடையில் விற்பனைக்கு வந்தன. எவ்விரண்டும் ஒன்றுபோல் இல்லை. அளவுநாடாவை எப்போதும் ஒரே பையில் வைப்பவர் கால்சட்டையும், தரையில் நெடுநேரம் அமர்ந்து வழிபடுபவர் கால்சட்டையும் எங்ஙனம் ஒத்திருக்கும்? வாங்குவோர் இன்ன தொழிலினர் உடுத்தியது என்றறிந்தே புதியதினும் கூடுதல் விலை கொடுத்து வாங்கினர்.

வாரந்தோறும் துவைத்தனர் என்பதை நாம் மகிழ்ச்சியோடு குறிப்பிடுகிறோம். ஏனெனில் கோடுகள் கூர்மையாக விழ வேண்டுமென்று ஆறு திங்களானாலும் துவைக்காத ஆர்வலர் பலர் உளர். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று கேட்டு வளர்ந்த நமக்கு, அதிலும் ஐவேளைத் தொழுகைக்கு ஆடைத் தூய்மையை நிபந்தனையாகக் கொண்ட நமக்கு, இது ஒவ்வாது. ஆனால் கிழிந்ததை எறியாமல் தைத்து உடுத்தும் அவர்தம் பழக்கம் நமக்கு அயலானதன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் ஆடையைத் தாமே தைத்துக் கொண்டார்கள் என்பதைச் சிறு வயது முதல் கேட்டு வந்திருக்கிறோம்.

ஆண்டுக்கணக்கில் உடுத்தி வெளுக்கச் செய்யும் பொறுமை எல்லார்க்கும் இல்லை. கடையிலேயே வெளுத்ததாக வாங்க விரும்புவோரே மிகுதி. அவர்கள் விருப்பத்தை நிறைவேற்றப் பட்டறைகளில் கையாண்ட முறைகளுள் ஒன்று, அழுத்தக் காற்றுடன் மணலைத் துணிமீது பீய்ச்சியடிப்பது. சில நிமிடங்களில் பல ஆண்டுத் தேய்மானம் கிடைத்துவிடும். அம்மணலிலுள்ள சிலிக்காத் தூள் அடிப்பவரின் நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் என்னும் நோயை உண்டாக்கும். துருக்கியில் இது பெருங்கொடுமையாக வெளிப்பட்டது. பிங்கோல் போன்ற கிழக்கு மாகாணங்களின் ஏழைச் சிற்றூர்களிலிருந்து இஸ்தான்புல் பட்டறைகளுக்கு வேலை தேடிச் சென்ற இளைஞர் பலர், காற்றோட்டமில்லாத அறைகளில் தக்க முகக்காப்பின்றி இவ்வேலையைச் செய்தனர். சிலர் பதின்ம வயதிலேயே சேர்ந்தவர்கள். சுரங்கத் தொழிலாளர்க்குப் பல்லாண்டுகளில் வரும் நோய் இவர்களுக்குச் சில ஆண்டுகளிலேயே வந்தது. எர்சுரும் நகர மருத்துவர்கள் மருத்துவ ஏடுகளில் இதனை எழுதி உலகறியச் செய்தனர். இந்நோய்க்குக் குணப்படுத்தும் மருந்தில்லை. இளைஞர் பலர் மாண்டபின், 2009இல் துருக்கி அரசு ஜீன்சின் மீது மணல் பீய்ச்சுவதைத் தடை செய்தது. அடுத்த ஆண்டு லெவிஸ் முதலிய பெருநிறுவனங்களும் இம்முறையைக் கைவிடுவதாக அறிவித்தன. பின்னர் லேசர் கதிரால் வெளுக்கச் செய்யும் முறையும் பரவியது.

சுரங்கத்தொழிலாளியின் முழங்காலில் விழுந்த வெளுப்பைப் போலவே ஒன்றைச் செய்ய மற்றொரு தொழிலாளி மூச்சை இழந்தான். அவன் வெளுக்கச் செய்த கால்சட்டையை உடுத்தியவர்க்கு அவன் யாரென்று தெரியாது. அஞ்சலில் ஊர் ஊராய்ச் செல்லும் கால்சட்டையைப் பெறுபவரோ, தமக்கு முன் அதை உடுத்தியவர் பெயரை அறிவார். உறையின்மேல் அனுப்பியவர் முகவரி எழுதப்பட்டிருக்கும்.