சமையல் புத்தகமும் மலைநாட்டு அடுப்பும்
(பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி, தோழியர் சார்பில்)

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது பெரியோர் வாக்கு. ஆனால் ஏட்டில் இருந்த சுரைக்காயை எத்தனையோ வீடுகளில் கறியாக்கிக் காட்டிய புத்தகம் ஒன்று உண்டு. அதுதான் எஸ். மீனாட்சி அம்மாள் எழுதி 1951ஆம் ஆண்டில் வெளிவந்த ‘சமைத்துப் பார்’. எங்கள் தோழியர் பலருடைய வீடுகளில் அட்டை கிழிந்து, மஞ்சள் கறை படிந்து, இன்றும் அது அடுப்பங்கரையில்தான் இருக்கிறது.

மீனாட்சி அம்மாள் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். சமையலில் அவருக்கிருந்த கைப்பக்குவத்தை அறிந்த உறவினர்கள், ‘இதை எப்படிச் செய்வது, அதை எப்படிச் செய்வது’ என்று கடிதம் எழுதிக் கேட்டுக்கொண்டே இருப்பார்களாம். இவற்றையெல்லாம் ஒரு நூலாக எழுதிவிடலாமே என்று அவருடைய மாமா ஊக்கப்படுத்தினார். நம் நாட்டில் மெட்ரிக் அளவுகளுக்குச் சட்டம் வந்தது 1956இல். அதற்கு முன்பு எழுதப்பட்ட நூல் ஆதலால் ஆழாக்கும் பலமுமே அந்நாளைய அளவுகள். பாட்டியின் பித்தளை ஆழாக்கை நாங்கள் தேடி எடுத்தது இதற்காகத்தான்.

இதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, 1950இல், இலண்டனில் வேறொரு சமையல் நூல் வெளிவந்தது. எழுதியவர் எலிசபெத் டேவிட் என்ற ஆங்கிலப் பெண்மணி. 1946இல் சில மாதங்கள் தில்லியிலும் வசித்தவர். இத்தாலி, கிரேக்கம், எகிப்து முதலிய மத்தியதரைக் கடல் நாடுகளின் உணவைப் பற்றியது அந்நூல். அப்போது இங்கிலாந்தில் உணவுப் பங்கீடு நடந்துகொண்டிருந்தது. 1954இல்தான் அது முற்றும் நீங்கியது. ஒலிவ எண்ணெயை மருந்துக்கடையில் சிறு புட்டியில் வாங்கிய காலம் அது. புத்தகத்தில் சொன்ன பொருள் கடையில் இல்லை. ஆயினும் மக்கள் அதை விரும்பிப் படித்தார்கள்!

‘கடல் கடந்த சமையல் நமக்கு எதற்கு?’ என்று எங்களில் ஒருத்தியின் தாயார் கேட்டார். அவர் கையருகில் இருந்த அஞ்சறைப் பெட்டியைத் திறந்து காட்டினோம். சீரகம், கொத்தமல்லி, வெந்தயம், சோம்பு ஆகிய நான்குமே மத்தியதரைக் கடலோரத்தையும் அதை அடுத்த மேற்கு ஆசியாவையும் தாயகமாகக் கொண்டவை. புதினாவையும் சீரகத்தையும் பற்றிப் புனித மத்தேயு நற்செய்தியில் நாம் வாசிக்கவில்லையா? நம் ரசத்தின் மணத்தில் பாதி அங்கிருந்து வந்ததுதான். அவை நம் வீட்டிற்கு வந்து எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகிவிட்டதால் அவற்றை யாரும் அயலார் என்று நினைப்பதில்லை.

நம் நீலகிரிக்கு வந்தவை சற்றுப் பிந்தியவை. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் உதகையில் வீடு கட்டி, ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிரிட்டுப் பார்த்தார். 1848இல் மக்கைவர் என்பவர் தாவரவியல் பூங்காவை அமைக்கத் தொடங்கினார். ரோஸ்மேரி, தைம் முதலிய மணத்தழைகளும் இன்று இம்மலைகளில் நன்கு வளர்கின்றன. உதகை உருளைக்கிழங்கைத் தோலுடன் வேகவைத்து, நசுக்கிய பூண்டும் ஒரு கொத்து ரோஸ்மேரியும் சேர்த்து இரும்புச் சட்டியில் வதக்கிப் பாருங்கள். மிளகாய்ப்பொடியைத் தேடமாட்டீர்கள்.

ஒலிவ மரம் மட்டும் இங்கே சரிப்படவில்லை. அதற்குக் குளிர்காலத்தில் மழையும், கோடையில் கொளுத்தும் வறண்ட வெயிலும் வேண்டும். நமக்கோ ஜூன், ஜூலையில்தான் மழையும் மூடுபனியும்! வெளியிலிருந்து வரும் ஒலிவ எண்ணெயின் விலை பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது. அதனால் நாங்கள் நல்லெண்ணெயை எடுத்துக்கொண்டோம். இது குறையாகாது. நோயில் பூசுதலுக்குக்கூட, ஒலிவ எண்ணெய் கிடைப்பது அரிதான இடங்களில் வேறு தாவர எண்ணெயைப் பயன்படுத்தலாம் என்று பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் 1972இல் அனுமதித்திருக்கிறாரே. கடலைத் துவையலுக்கு நல்லெண்ணெய் ஆகாதா?

எண்ணெயைவிடப் பெரிய இடையூறு ஒன்று உண்டு. அதை எந்தப் புத்தகமும் எங்களுக்குச் சொல்லவில்லை. உதகை கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடக் கூடக் காற்றின் அழுத்தம் குறையும். தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். சுமார் 300 மீட்டருக்கு ஒரு பாகை என்று கணக்கு. சென்னையில் 100 பாகையில் கொதிக்கும் நீர் குன்னூரில் 94 பாகையிலும் உதகையில் 92, 93 பாகையிலும் கொதிக்கிறது. அதற்குமேல் எவ்வளவு விறகு வைத்தாலும் நீர் ஆவியாகுமே தவிர, சூடு ஏறாது. பருப்பு நெடுநேரம் விறைப்பாகவே கிடக்கும். தேயிலை பறித்துவிட்டு மாலையில் வீடு திரும்பும் தாய்க்கு இது வெறும் பௌதிகப் பாடமன்று. ஒரு சுமை விறகு, ஒரு மணி நேர உறக்கம்.

பிரஷர் குக்கர் நீராவியை உள்ளேயே அடக்கி, கொதிநிலையை இருபது பாகை அளவுக்கு உயர்த்துகிறது. மலையில் அது ஆடம்பரப் பொருளன்று என்பது எங்கள் துணிபு. அதிலும்கூடப் புத்தகத்தில் சொன்ன நேரத்தைவிடக் கூடுதலாக வைக்க வேண்டும். தாளிப்புக்கும் வறுவலுக்கும் இந்தத் தொல்லை இல்லை. எண்ணெயின் சூடு நீரின் கொதிநிலைக்குக் கட்டுப்பட்டதன்று. (இட்லி மாவு குளிரில் புளிக்காத கதையைத் தனிக் கட்டுரையாகத்தான் எழுத வேண்டும்.)

இனி, லெபனான் முதலிய நாடுகளில் ‘ஹம்முஸ்’ எனப்படும் கடலைத் துவையலை நாங்கள் செய்த விதம். வெள்ளைக் கொண்டைக்கடலை ஓர் ஆழாக்கை முதல் நாள் மாலையே வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட வேண்டும். இங்குள்ள குளிரில் பன்னிரண்டு மணி நேரமாவது ஊறட்டும். குக்கரில் முதல் விசில் வந்தபின் தீயைத் தணித்து அரை மணிக்கு மேல் வைத்தோம். விரலால் நசுக்கினால் வெண்ணெய்போல் குழைய வேண்டும். வெள்ளை எள் இரண்டு மேசைக்கரண்டியைச் சிவக்காமல் வறுத்து, மூன்று பல் பூண்டுடன் அம்மியில் அரைக்கவும். நம் மலைப்பூண்டு காரமானது. மூன்றுக்கு மேல் வேண்டாம். பிறகு கடலையையும் உப்பையும் சேர்த்து, கடலை வெந்த நீரையே தெளித்து மைய அரைத்து, ஓர் எலுமிச்சம்பழத்தைப் பிழியவும். மேலே ஒரு கரண்டி நல்லெண்ணெய், வறுத்துப் பொடித்த சீரகம். எள் ஏற்கெனவே துவையலில் இருப்பதால் நல்லெண்ணெயின் மணம் அதனுடன் இசைந்துவிடுகிறது. ஒலிவ எண்ணெய்க்குச் சொன்ன அளவில் பாதி போதும். கூடினால் கசப்புத் தட்டும்.

சப்பாத்திக்கும் ரொட்டிக்கும் ஏற்றது. மீந்ததை மறுநாள் தோசைக்கும் தொட்டுக்கொள்ளலாம். அதற்குமேல் வைத்தால் பூண்டு காறிவிடும்.