எடை கூடினால் மட்டும் போதுமா?

கொழுப்பு என்றாலே பருமனும் மாரடைப்பும்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. வயிறு நிறையச் சாப்பிடும் நாட்டில் வாழ்வதால் அப்படித் தோன்றுகிறது. கொழுப்பு போதாமல் நலியும் குழந்தைகளும் உலகில் இருக்கிறார்கள்.

நம் உடல் பெரும்பாலான கொழுப்புகளைத் தானே தயாரித்துக்கொள்ளும். இரண்டை மட்டும் அதனால் தயாரிக்க முடியாது. ஒன்று, ஒமேகா-6 வகையைச் சேர்ந்த லினோலிக் அமிலம். மற்றொன்று, ஒமேகா-3 வகையைச் சேர்ந்த ஆல்ஃபா லினோலெனிக் அமிலம். இவை உணவிலிருந்துதான் கிடைக்கவேண்டும். அதனால்தான் 'இன்றியமையாக் கொழுப்பமிலங்கள்' என்ற பெயர். 1929-இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதியர் எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவைக் கொடுத்தார்கள். எலிகளின் வளர்ச்சி நின்றது; வால் செதில் செதிலாக உரிந்தது. சிறிதளவு லினோலிக் அமிலம் கொடுத்ததும் அவை தேறின.

ஆனால், ஊட்டச்சத்துக் குறைந்த குழந்தைகளின் சிகிச்சையில் கொழுப்பின் வகை நெடுங்காலம் பின்வரிசையில்தான் இருந்தது. வீக்கமும் தோல் உரிதலும் கொண்ட 'குவாஷியோர்கர்' நோயை 1930களில் இன்றைய கானாவில் விவரித்தவர் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ். பிறகு மலாயாவுக்கு வந்த அவர், 1939-இல் சிங்கப்பூரில், கைக்குழந்தைகளுக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பூட்டிய டின்பால் கொடுப்பதைக் கடுமையாகக் கண்டித்துப் பேசினார். அந்த நோய்க்குப் புரதக் குறைவே காரணம் என்று மருத்துவ உலகம் பல பத்தாண்டுகள் நம்பியது.

இத்தகைய குழந்தைகளிடம் இந்தக் கொழுப்புகள் ஏன் குறைகின்றன? சோளக் கஞ்சியும் மரவள்ளிக் கிழங்குமே உணவானால் வரவே குறைவு. வயிற்றுப்போக்கால் நலிந்த குடல் அந்தக் குறைந்த கொழுப்பையும் சரியாக உறிஞ்சாது. சேமிப்பில் இருப்பதையோ உடல் ஆற்றலுக்காக எரித்துவிடுகிறது.

அப்போது உடல் ஒரு மாற்றுவழியைத் தேடுகிறது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பதுபோல, தன்னிடமுள்ள ஒலியிக் அமிலத்திலிருந்து 'மீட் அமிலம்' என்ற ஒன்றைத் தயாரிக்கிறது. அது அசலின் வேலையைச் செய்யாது. ஆனால் ஆய்வாளருக்குத் துப்புக் கொடுக்கும்: இரத்தத்தில் அராக்கிடோனிக் அமிலத்தோடு ஒப்பிடும்போது மீட் அமிலத்தின் விகிதம் 0.2-ஐத் தாண்டினால், இன்றியமையாக் கொழுப்பமிலம் போதவில்லை என்று பொருள். வெறும் தோலைப் பார்த்து இதை உறுதியாகச் சொல்ல முடியாது. துத்தநாகக் குறைவாலும் தோல் பாதிக்கப்படும்.

1996-இல் பிரான்சைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் ஆந்த்ரே பிரியானும், நியூட்ரிசெட் நிறுவனத்தின் மிஷேல் லெஸ்கானும் நிலக்கடலைப் பசை ஒன்றை உருவாக்கினார்கள். நிலக்கடலை, பால்மாவு, சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள், தாது உப்புகள் சேர்ந்த 92 கிராம் பாக்கெட்டில் 500 கலோரி. தண்ணீர் வேண்டாம், சமைக்க வேண்டாம். தாயே வீட்டில் ஊட்டலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலை நம்பியிருந்த சிகிச்சையை அது வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. அதன் பெருமையைக் குறைத்துச் சொல்வதற்கில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. நிலக்கடலையில் லினோலிக் அமிலம் தாராளம். ஒமேகா-3 அநேகமாக இல்லை. இந்த இரண்டு வகைகளையும் நீண்ட கொழுப்பமிலங்களாக மாற்றுவது ஒரே நொதிதான். ஒரே கவுண்டரின் முன் இரண்டு வரிசைகள் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒமேகா-6 கூட்டம் முண்டியடித்தால், ஒமேகா-3 பின்தங்கிவிடும். ஒமேகா-3 வரிசையின் முக்கிய விளைபொருள்தான் மூளைக்கும் கண்ணின் விழித்திரைக்கும் தேவையான டிஎச்ஏ. அது மூளையில் வேகமாகச் சேரும் பருவம் கர்ப்பத்தின் கடைசி மாதங்களும் முதல் இரண்டு வயதும்.

மலாவியில் நடந்த ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. வழக்கமான பசையை உண்ட குழந்தைகளின் இரத்தத்தில் நான்கே வாரங்களில் டிஎச்ஏ குறைந்திருந்தது. எடை கூடும்போதே! லினோலிக் அமிலம் குறைந்த, ஒலியிக் அமிலம் மிகுந்த நிலக்கடலையில் செய்த பசையை உண்டவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. பின்னர் அதே நாட்டில் 2,500க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடந்த பெரிய சோதனையில், அத்தகைய பசையோடு டிஎச்ஏவும் நேரடியாகச் சேர்க்கப்பட்டது. குணமாகி ஆறு மாதங்களுக்குப் பிறகு சோதித்தபோது, அதை உண்ட குழந்தைகளின் அறிவு வளர்ச்சி மதிப்பெண் வழக்கமான பசை உண்டவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. எடைத் தராசு மட்டுமே அளவுகோலாக இருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்காது.

2022-இல் கோடெக்ஸ் என்னும் அனைத்துலக உணவுத் தர அமைப்பு இந்தப் பசைக்கான வழிகாட்டியை ஏற்றது. முந்தைய பரிந்துரையைவிட ஒமேகா-6க்கான மேல்வரம்பு குறைந்தது. ஒமேகா-3க்கான கீழ்வரம்பு உயர்ந்தது.

இனி எஞ்சுவது வேதியியல். டிஎச்ஏவில் ஆறு இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. அவற்றை ஆக்சிஜன் எளிதில் தாக்கும். எண்ணெய் சிக்குவாடை அடிக்கத் தொடங்கும். பாக்கெட்டோ கப்பலிலும் வெயிலில் காயும் கிடங்கிலும் மாதக்கணக்கில் தாங்கவேண்டும். அதற்காகும் கூடுதல் செலவு, ஒரு குழந்தை தேறும்வரை வாரக்கணக்கில் தேவைப்படும் ஒவ்வொரு பாக்கெட்டின் விலையிலும் ஏறுகிறது.