மேகம் இல்லாத இரவு வேண்டும்

ஐஸ் ஹாக்கி கிளப் ஒன்றின் வரலாற்றைச் சொல் என்று யாராவது கேட்டால், தம்பி, நான் கோப்பைகளில் இருந்து தொடங்க மாட்டேன். ஆடுவதற்கு ஐஸ் எங்கிருந்து வந்தது, அதை யார் காப்பாற்றி வைத்தார்கள் என்பதில் இருந்துதான் தொடங்குவேன். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. டீயைக் குடித்துக்கொண்டே கேள். ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரின் தைமாதக் குளிரில் உட்கார்ந்து பேசுவதற்குப் பொருத்தமான விஷயம்தான்.

முதலில் ஆட்டம். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர், அதில் ஒருவர் கோல் கீப்பர். பந்து கிடையாது. கடினமான ரப்பரில் செய்த தட்டையான வில்லை, அதைப் ‘பக்’ என்பார்கள். குறுக்களவு மூன்று அங்குலம், கனம் ஓர் அங்குலம், எடை 160 கிராம் போல இருக்கும். ஆட்டத்துக்கு முன்னால் அதை உறைபெட்டியில் வைத்து எடுப்பார்கள். இளகிய ரப்பர் ஐஸில் பட்டுத் துள்ளும், உறைந்தது வழுக்கிக்கொண்டு ஓடும். இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதி. அந்த வேகத்தில் ஒருவரால் ஒரு நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்க முடியாது என்பதால், ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஆட்கள் மாறி மாறி இறங்குவார்கள்.

அடுத்து ஐஸ். பிரிட்டனில் குளம் உறையும் என்று நம்பி ஒரு கிளப் நடத்த முடியாது. ஒரு வருடம் உறையும், அடுத்த வருடம் சேறாகக் கிடக்கும். அதனால் அங்கே ஆட்டம் வளர்ந்தது இயந்திரத்தின் தயவில். 1876இல் லண்டன் செல்சியாவில் ஜான் கேம்ஜீ என்ற கால்நடை மருத்துவர், குளிரூட்டிய திரவத்தைச் செப்புக் குழாய்களில் ஓடவிட்டு, அதன் மேல் தண்ணீரை உறையவைத்து ஒரு சறுக்குத் தளம் அமைத்தார். இறைச்சி கெடாமல் கடல் கடந்து வர வழி தேடிக்கொண்டிருந்த மனிதர் அவர். அந்தத் தேடலில் பிறந்ததுதான் உலகின் முதல் செயற்கை ஐஸ் தளம். 1936 ஒலிம்பிக்கில் பிரிட்டன் ஐஸ் ஹாக்கித் தங்கத்தையே வென்றது. சிறுவயதில் கனடாவுக்குப் போய் அங்கே ஆட்டம் கற்றவர்கள் அந்த அணியில் பலர். இரண்டு வருடம் கழித்து, 1938இல், ஸ்காட்லாந்தின் கிர்காடியில் ஒரு ஐஸ் அரங்கம் திறந்தது. அதோடு சேர்ந்து பிறந்தது ஃபைஃப் ஃப்ளையர்ஸ் கிளப். பிரிட்டனில் இன்றும் ஆடிக்கொண்டிருக்கும் தொழில்முறை ஐஸ் ஹாக்கி கிளப்புகளில் மூத்தது அதுதான். இன்றைக்கும் அதே அரங்கத்தில்தான் ஆடுகிறது. கட்டிடம் நிலைத்ததால் கிளப்பும் நிலைத்தது என்றே நான் நினைக்கிறேன்.

கிர்காடி அரங்கத்துக்கும் 18 வருடம் முன்னால், இயந்திரமே இல்லாமல், இந்தியாவில் வெள்ளைக்காரர்கள் ஒரு ஐஸ் தளம் உண்டாக்கிவிட்டார்கள். 1920, சிம்லா. பிளெஸ்ஸிங்டன் என்ற அயர்லாந்துக்காரர், குளிர்கால இரவில் தண்ணீர் உறைந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு டென்னிஸ் மைதானத்தில் தண்ணீர் பாய்ச்சிப் பார்த்தார் என்பது அங்கே வழங்கும் கதை. சிம்லா ஐஸ் ஸ்கேட்டிங் கிளப் அப்படித்தான் உருவானது. சறுக்கலோடு ஐஸ் ஹாக்கியும் அங்கே வேரூன்றியது. ஒன்றைக் கவனி. சிம்லா ஆங்கிலேயருக்குக் கோடைத் தலைநகரம். வெயில் காலம் முடிந்ததும் அரசாங்கம் மூட்டை முடிச்சோடு கீழே இறங்கிவிடும். ஐஸ் பிடிப்பதோ டிசம்பருக்கு மேல்தான். ஆக, அதிகாரத்தின் ஆரவாரமெல்லாம் ஓய்ந்த பிறகு, குளிரிலும் மலையிலேயே தங்கிவிட்டவர்களின் கிளப் அது. எனக்கு அதில் பிடித்த அம்சமே இதுதான்.

இனி, அந்த ஐஸை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று பார்ப்போம். தளம் லக்கட் பஜார் பக்கம், மலையின் நிழல் விழும் சரிவில் இருக்கிறது. குளிர்காலத்தில் வெயில் அங்கே எட்டிப் பார்ப்பதே குறைவு. பொழுது சாய்ந்ததும் ஆட்கள் குழாயைப் பிடித்துத் தண்ணீரை மெல்லிய படலமாகத் தெளிப்பார்கள். அது உறைந்ததும் அதன் மேல் இன்னொரு படலம். ஏன் மொத்தமாக ஊற்றக்கூடாது? தண்ணீர் பூஜ்ஜியம் டிகிரிக்கு வந்துவிட்டால் மட்டும் ஐஸ் ஆகிவிடாது. அங்கிருந்து உறைவதற்கு, கிராமுக்கு இன்னும் 80 கலோரி வெப்பம் வெளியேற வேண்டும். அடுப்பில் இருந்து இறக்கிச் சற்று ஆறிய டீ, 80 டிகிரியில் இருக்கிறது என்று வைத்துக்கொள். அதைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் போக வேண்டுமோ, அவ்வளவு. ஒரே இரவில் கனத்த தண்ணீரில் இருந்து அத்தனை வெப்பமும் போகாது. மெல்லிய படலத்தில் இருந்து போய்விடும்.

போவது எங்கே? வானத்துக்கு. தரையும் தண்ணீரும் இரவெல்லாம் வெப்பத்தை மேல்நோக்கி வீசிக்கொண்டே இருக்கின்றன. மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கு திரும்பி வரும். காற்று அடித்தால் சூடான காற்று கீழே கலந்துவிடும். ஆகவே அந்த ஆட்களுக்குத் தேவை மேகம் இல்லாத, காற்று அடங்கிய இரவு. இதே ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தில் இருப்பவர்கள் வருடம் முழுக்க ஏங்குவதும் மேகமில்லாத இரவுக்குத்தானே! வானியலாளர் வைணு பாப்பு தேர்ந்தெடுத்த இடம் அது. 1986இல் தொடங்கிவைத்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே நிற்கிறது. ஒரே வகை இரவு இங்கே நட்சத்திரத்தைக் காட்டுகிறது, சிம்லாவில் மைதானத்தை உறையவைக்கிறது.

அப்படியானால் நம் பக்கத்தில் ஏன் ஐஸ் தளம் இல்லை என்று நீ கேட்பாய். உயரம் மட்டும் போதாது. ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர், சிம்லாவும் கிட்டத்தட்ட அதே உயரம். ஆனால் ஊட்டி 11ஆவது அட்சரேகையில், சிம்லா 31இல். அதனால் ஊட்டியில் மார்கழி, தை விடியலில் புல்லின் மேல் உறைபனி படியும், வெயில் ஏறினால் மறையும். ஜவ்வாது இன்னும் தாழ்வு. குளிர் உண்டு, ஐஸ் கிடையாது. தமிழ்நாட்டுக்குக் குளத்து ஐஸ் வந்ததெல்லாம் கப்பலில்தான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் ஏரிகளில் வெட்டி, மரத்தூளில் பொதிந்து அனுப்பிய கட்டிகளை இறக்கிவைக்க 1842இல் கட்டியதுதான் சென்னை மெரினாவின் ஐஸ் ஹவுஸ்.

சிம்லாவில் ஐஸ் பிடித்துவிட்டது என்று ஊருக்கு அறிவிக்க, அந்தக் காலத்தில் உயரத்தில் சிவப்பு பலூன் ஏற்றுவார்களாம். அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் ஸ்கேட்ஸைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். வெயில் ஏறும் வரை காலை ஆட்டம், மறுபடி இருட்டிய பிறகு. நூறு வருடம் இப்படி ஓடியிருக்கிறது. ஆனால் இப்போது குளிர்காலம் முன்போல் இல்லை. ஊர் பெருத்துவிட்டது, இரவுகள் வெப்பமாகிவிட்டன, ஐஸ் நிற்கும் நாட்கள் குறைந்துகொண்டே போகின்றன. இயந்திரம் வைத்துச் செயற்கைத் தளமாக்க வேண்டும் என்ற பேச்சு நெடுங்காலமாக நடக்கிறது. மனசு ஒப்பாவிட்டாலும், அதைச் செய்வதுதான் சரி என்பேன். சிம்லாவின் குளிரும் இப்போது பிரிட்டன் குளம்போல நம்பிக்கை தராததாகிவிட்டது. கிர்காடியைப் பார்த்தால் விடை தெரிகிறது.

இயந்திரம் மட்டும் இருந்தாலும் போதாது. டேராடூனில் 2011ஆம் ஆண்டு தெற்காசியக் குளிர்கால விளையாட்டுக்காக உள்ளரங்க ஐஸ் தளம் கட்டினார்கள். போட்டி முடிந்ததும் பல வருடம் பூட்டியே கிடந்தது. 2025இல்தான் மறுபடி உயிர் பெற்றது. பூட்டிக் கிடந்த அந்த வருடங்களை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஏனென்றால் அதே காலத்தில் லடாக்கில், உறைந்த குளங்களைத் துடைத்து மட்டமாக்கி, பனி நிற்கும் சில மாதங்களில் மட்டும் பெண்கள் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்தியப் பெண்கள் அணி 2016இல் முதன்முதலாகச் சர்வதேசப் போட்டிக்குப் போனது. 2017இல் பாங்காக்கில் பிலிப்பைன்ஸை 4-3 என்று வென்றது, அதுதான் முதல் வெற்றி. 2025இல் அமீரகத்தின் அல் ஐனில் நடந்த ஆசியக் கோப்பையில் வெண்கலம் கிடைத்தது. அந்த அணியின் பெரும்பகுதி லடாக்குப் பெண்கள்தான்.