செட்டு மாத்திரை போதும்!

இடுப்பு வலி என்று வருபவரிடம், இதுவரை என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால் "செட்டு மாத்திரை" என்பார். மருந்துக்கடையில் அட்டையைக் கத்தரித்துத் தாளில் மடித்துத் தந்தது, பெயர் தெரியாது. ராஜபாளையம் மில்லில் நின்றபடியே ஷிப்ட் பார்க்கும் பெண்கள், சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்காரர்கள், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் தோப்பு வேலைக்குப் போகிறவர்கள் என்று பலரும் முகமும் காலும் வீங்கிய பிறகுதான் வருகிறார்கள்.

செட்டுக்குள் என்ன?

பெரும்பாலும் டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரை. பல நேரம் கூடவே ஸ்டீராய்டும். முன்னது வயிற்றில் புண் உண்டாக்கும். சர்க்கரை, பிபி உள்ளவர்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். டைக்ளோபினாக் போட்ட மாடுகளின் சடலத்தைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் பழுதாகிக் கூட்டங்கூட்டமாகச் செத்ததால்தான், 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எலும்பை நொய்ய வைக்கும். மாதக்கணக்கில் சாப்பிட்டவர்கள் இதைப் படித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். அது உயிருக்கே ஆபத்து. மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

"ஆனா டாக்டர்..."

"ஊசி போட்டாத்தான் கேக்குது." ஊசியிலும் அதே மருந்துதான்.

"பெல்ட் போட்டிருக்கேன்." மூன்று மாதம் தாண்டிய முதுகு வலிக்கு பெல்ட்டும் இழுவை சிகிச்சையும் வழக்கமாகத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனமே 2023இல் சொல்லிவிட்டது. அது முன்னால் வைப்பது உடற்பயிற்சியை.

"மூட்டு தேஞ்சுபோச்சு, நடக்கக் கூடாதாமே?" நடக்காமல் இருந்தால்தான் தொடைத் தசை மெலிந்து வலி கூடும்.

குதிகால் வலிக்குச் சூடான செங்கல்லில் எருக்கிலை வைத்து மிதிப்பவர்களிடம் என்ன சொல்ல! சர்க்கரையால் கால் மரத்தவருக்குச் சூடு தெரியாது. வலிக்கு வைத்தியம் பார்க்கப் போய்ப் புண்ணோடு வருகிறார்கள். லேபிள் இல்லாத மூட்டுவலிப் பொடியையும் நம்பாதீர்கள், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

எது உதவும்?

பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தரும் பயிற்சியைத் தினமும் செய்வது, எடையைக் குறைப்பது, வேலைக்கு நடுவே உட்கார்ந்து எழுவது. மாத்திரை வேண்டுமென்றால் குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு. நரம்பு வலிக்குச் சிறு அளவில் அமிட்ரிப்டிலின் எழுதினால் "மனநோய் மாத்திரை" என்று தூக்கிப் போடுகிறார்கள்; வலியைக் கடத்தும் நரம்பை அடக்கத்தான் அதைத் தருகிறோம். வெளியே வர முடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருகிறது, இலவசமாக.

பரிசோதனை: கிரியேட்டினின் (சிறுநீரகத்துக்கு), சர்க்கரை, பிபி. ஸ்கேன் எல்லோருக்கும் வேண்டாம்.

தள்ளிப்போடாதீர்கள்

கால் பலமிழந்தாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினாலோ அன்றைக்கே வாருங்கள். மற்றவர்கள், தயவுசெய்து, அடுத்த செட்டு வாங்கும் முன் ஒருமுறை அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மருந்துக்கடைக்காரர்களே, உங்களுக்கும் சொல்கிறேன்: சீட்டு இல்லாமல் அட்டையைக் கத்தரிக்காதீர்கள்.