தள்ள ஆளில்லாத காருக்கு ஒரு சின்ன ஸ்டார்ட்டர்

கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் ஏ1 வீதியில், கடுகண்ணாவை ஏற்றத்தைத் தாண்டியதும் வருகிற ஊர் பிலிமத்தலாவை. ஏற்றம் முழுவதும் முனகிக்கொண்டு வந்த பழைய மொறிஸ் மைனர் ஒன்றை இங்கே தேநீருக்காக நிறுத்தினால், திரும்பப் புறப்படும்போது அது சில வேளை அடம்பிடிக்கும். காரணம் எளியது. செப்புக் கம்பியின் வெப்பம் 50 பாகை கூடினால் அதன் மின்தடை ஏறத்தாழ 20 வீதம் கூடுகிறது. காலையில் தட்டுத்தடுமாறிச் சுற்றிய மோட்டர், சூடான பிறகு சுற்றவே மறுக்கிறது.

இந்தத் தொல்லையை வடக்கில் கார் வைத்திருந்தவர்கள் நன்கு அறிவார்கள். 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கிய பின் பெற்றோலும் பட்டரியும் தடைப் பொருட்களாயின. ஒஸ்டின் கேம்பிரிட்ஜும் மொறிஸும் கார்புரேட்டரில் விட்ட சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட்டர் வேலை செய்யாவிட்டால் நாலு பேர் தள்ளினார்கள். இன்று கார் இருக்கிறது. தள்ளிய பிள்ளைகள் வெளிநாட்டில். ஓட்டுபவர் பெரும்பாலும் தனியாக இருக்கும் வயதானவர். கண்டிப் பக்கத்தில் காரை இறக்கத்தைப் பார்த்து நிறுத்திவிட்டு உருட்டி ஸ்டார்ட் செய்யலாம்தான். எஞ்சின் பிடிக்காவிட்டால், பஸ்களும் லொறிகளும் ஓடும் வீதியில் கார் நடுவழியில் நிற்கும்.

2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. வந்த கார்களின் விலையும் எட்டாத உயரத்தில். இருப்பதை ஓடவைப்பதே பலருக்கு வழி.

பழையதும் புதியதும்

மொறிஸ் மைனரிலும் அக்கால ஒஸ்டின் கார்களிலும் இருப்பது லூக்காஸ் ஸ்டார்ட்டர். மோட்டர் சடுதியாகச் சுழலும்போது, அதன் தண்டிலுள்ள சிறு பற்சக்கரம் புரிவழியே எறியப்பட்டுப் பறக்கும் சக்கரத்தின் பற்களில் விழுகிறது. ‘டக்’ என்று கேட்கும் சத்தம் அதுதான். மோட்டர் நேரடியாகச் சுற்றுவதால் பெரிதாகவும் பாரமாகவும் இருக்கிறது, மின்சாரத்தையும் நிறைய இழுக்கிறது.

புதிய சிறிய ஸ்டார்ட்டரில் வேகமாகச் சுழலும் சிறு மோட்டரும் அதன் வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டும் கியரும் உள்ளன.  1962இல் கிறைஸ்லர் நிறுவனம் இத்தகையதைத் தன் கார்களில் பொருத்தியது. பின்னர் ஜப்பானியக் கார்களில் இது பரவலானது. பற்சக்கரத்தை மின்காந்தம் முன்கூட்டியே தள்ளிப் பற்களில் சேர்த்த பின்னர்தான் மோட்டர் முழு வலுவோடு சுற்றும். ஆகவே பற்கள் அடிபடுவதும் குறைவு.

வாங்குமுன் வயரைப் பாருங்கள்

பழுது பல தடவை மோட்டரில் இல்லை. எஞ்சின் றப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதைக் கார் உடலோடு இணைக்கும் ஏர்த் பட்டி துருப்பிடித்தால் மின்சாரம் வேறு வழி தேடும். ஸ்டார்ட் செய்யும்போது சோக் கேபிள் சூடானால் சந்தேகமே வேண்டாம், ஏர்த் கெட்டுவிட்டது.

ஒரு மல்டிமீற்றர் போதும். கொயிலுக்குப் போகும் சிறு வயரைக் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுற்றவிடுங்கள். அப்போது பட்டரியின் ஏர்த் முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. மற்ற முனைக்கும் ஸ்டார்ட்டர் போல்ட்டுக்கும் இடையிலும் அப்படியே. கூடுதலாகக் காட்டினால் கேபிளை மாற்றி, முனைகளைச் சுரண்டித் துப்புரவாக்குங்கள். பல கார்களுக்கு இதுவே போதும்.

ஏர்த் எந்த முனை?

மொறிஸ் மைனரில் பட்டரியின் நேர்முனை (+) கார் உடலோடு இணைந்திருக்கும். பழைய ஸ்டார்ட்டருக்கு அது பிரச்சினையில்லை; காந்தமும் சுருளும் சேர்ந்தே மாறுவதால், முனையை மாற்றினாலும் ஒரே பக்கமாகத்தான் சுற்றும். புதிய சிறிய ஸ்டார்ட்டர்கள் சிலவற்றில் நிரந்தரக் காந்தம் உண்டு. அவை முனை மாறினால் எதிர்ப்பக்கம் சுற்றும். வாங்கும்போது இதைக் கேட்டறியுங்கள். இல்லையேல் காரையே எதிர்முனை ஏர்த்துக்கு மாற்ற வேண்டும்: பட்டரி இணைப்பு, கொயில் வயர்கள், அம்பியர் மீற்றர், டைனமோவின் துருவம் எல்லாம். அனுபவமுள்ள ஓட்டோ எலக்ட்ரீசியனிடம் கொடுங்கள்.

அடுத்தது பற்கள். பழைய பற்சக்கரத்தின் பற்களை எண்ணி, உங்கள் பறக்கும் சக்கரத்துக்கென்றே செய்யப்பட்ட ஸ்டார்ட்டரையே கேளுங்கள். பொருந்தாத பல், பறக்கும் சக்கரத்தையே தின்றுவிடும். பிறகு கியர்ப்பெட்டியைக் கழற்றாமல் தீராது.

பொருத்துவது

முதலில் பட்டரியைக் கழற்றுங்கள். மோட்டரின் உடல் வழியாகவே ஏர்த் போவதால், அது உட்காரும் இடத்தில் பெயின்ற், எண்ணெய், துரு எதுவும் இருக்கக்கூடாது.

வயரில் ஒரு வேறுபாடு உண்டு. பழைய முறையில், ஸ்டார்ட் செய்யும் கணத்தில் மட்டுமே மோட்டருக்கு மின்சாரம் போகும். புதியதில் தடித்த கேபிள் பட்டரியோடு எப்போதும் இணைந்திருக்கும். பழைய சுவிட்சிலிருந்து வரும் மெல்லிய வயர்தான் மின்காந்தத்தை இயக்கும். அந்தக் கேபிள் இனி எப்போதும் உயிருள்ளது. எங்கும் உரசாதபடி கட்டி, முனைக்கு றப்பர் மூடி போடுங்கள். உரசினால் தீப்பிடிக்கும்.

பொருத்திய பின் பத்து வினாடிக்கு மேல் தொடர்ந்து சுற்றவிடாதீர்கள். எஞ்சின் பிடித்ததும் கரகரப்புக் கேட்டால் பற்சக்கரம் விலகவில்லை, உடனே நிறுத்துங்கள்.

பழையதை எறியவேண்டாம்

லூக்காஸ் மோட்டரில் தேய்வது பெரும்பாலும் கார்பன் பிரஷும் புஷ்ஷும்தான். புஷ்ஷை லேத் கடையில் கடைந்துகொள்ளலாம். புதிய ஸ்டார்ட்டரின் உள்ளே கியர் உடைந்தால் இங்கே மாற்றுவது கடினம். பழையதைத் திருத்தி, எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்தால் இரண்டு போல்ட்டில் திரும்பவும் ஏற்றலாம். பாதை பூட்டப்பட்ட காலத்தில் வெளியிலிருந்து ஒரு ஆணிகூட வராமல் அந்தக் கார்களை ஓடவைத்தது இங்கேயே திருத்தக்கூடிய பாகங்கள்தான்.