சின்ன அறையில் போட்டோ ஸ்டூடியோ: குடையா, சாஃப்ட்பாக்ஸா... முதலில் எதை வாங்கலாம்?

திருப்பூர் மண்ணரை பக்கம் 10-க்கு 12 அடி அறையில் போர்ட்ரெய்ட் ஸ்டூடியோ போடப் போறீங்களா? லைட்டுக்கு முன்னால் எதை மாட்டுவது என்பதில்தான் காசு வீணாகும்.

வெள்ளைக் குடை விலை குறைவு. ஆனால் வெளிச்சம் நாலாபக்கமும் சிதறும். சின்ன அறையில் சுவரில் பட்டுத் திரும்பி, நிழலே இல்லாமல் முகத்தைத் தட்டையாக்கிவிடும். பச்சைச் சுவர் என்றால் முகமும் பச்சை! அதனால் 90 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ், முன்னால் மாட்டும் கிரிட் வலையோடு வாங்குங்க. உங்க லைட்டின் மவுண்ட்டுக்குப் பொருந்துதான்னு பார்த்துக்கோங்க.

அதை முகத்துக்கு 3 அடி வரை கிட்ட கொண்டு வாங்க. தள்ளி வைத்தால் பெரிய சாஃப்ட்பாக்ஸும் சின்ன பல்பு மாதிரிதான், நிழல் கடுமையாக விழும்.

ரிஃப்ளெக்டருக்கு தெர்மாகோலே போதும். 'அபராஜிதோ' (1956) படத்துக்கு ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா, செட்டுக்கு மேலே வெள்ளைத் துணி கட்டி அதில் பட்டுத் திரும்பும் ஒளியில்தான் எடுத்தார். துணிக்கு நம்ம ஊரில் பஞ்சமா என்ன? ஆனா 'பளிச்' வெள்ளை பனியன் துணி வேண்டாம். அதிலுள்ள வெண்மையூட்டி ஃப்ளாஷ் ஒளியில் லேசாக நீலம் காட்டலாம். சூடாகும் ஹாலஜன் விளக்கில் எந்தத் துணியையும் கட்டவே கூடாது, தீப்பிடிக்கும்.