கவிதை அமைப்பு யாருடையது? பதிவுக்கு முன் சில சட்டக் கேள்விகள்

தலித் கவிதை பொதுமக்களை அடைந்ததில் அச்சிதழ்களுக்கு இணையான பங்கு அமைப்புகளுக்கும் உண்டு. 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் இயக்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் நாம்தேவ் தசாலும் ஜே.வி. பவாரும் கவிஞர்கள். கர்நாடகத்தில் சித்தலிங்கையாவின் பாடல்கள் தலித் சங்கர்ஷ சமிதியின் போராட்டங்களில் ஒலித்தன. தமிழகத்தில் கே.ஏ. குணசேகரனின் தன்னானே கலைக்குழு பாடலை மக்கள் மேடைக்குக் கொண்டு சென்றது. நூல் வாங்க இயலாதோரையும் எழுத்தறியாதோரையும் கவிதை சென்றடைந்தது இவ்வாறுதான்.

இன்று வட்டார அளவில் கவிதை அமைப்பு தொடங்க விரும்பும் மாணவர்கள், அதனை எங்கே பதிவு செய்வது என்று கேட்கின்றனர். அதற்கு முன் எழ வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அமைப்பின் முடிவுகளை எடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கும்?

சட்டம் மூன்று வழிகளைத் தருகிறது. முதலாவது அறக்கட்டளை. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆவணம் பதிந்தால் போதும், தொடங்குவது எளிது. ஆனால், ஆவணத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிடில் தேர்தல் கிடையாது. அறங்காவலர்கள் வாழ்நாள் முழுதும் நீடிக்கலாம். சேரியின் பெயரால் தொடங்கப்படும் அமைப்பு, ஒரு குடும்பத்தின் அல்லது புரவலரின் உடைமையாகச் சுருங்கும் வாய்ப்பு இங்கே அதிகம்.

இரண்டாவது, தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது 7 பேர் வேண்டும். ஆண்டுப் பொதுக்குழு, தேர்ந்தெடுக்கப்பட்ட செயற்குழு, தணிக்கைக் கணக்கு ஆகியவை கட்டாயம். வேலைப்பளு கூடுதல்தான், எனினும் உறுப்பினர் கேள்வி கேட்கும் உரிமை சட்டத்திலேயே அமைந்துள்ளது. செயற்குழுவில் தலித் பெண்களுக்கான இடங்களைத் துணைவிதியிலேயே எழுதிவிடலாம். மூன்றாவது, 2013 நிறுவனச் சட்டத்தின் 8ஆம் பிரிவு நிறுவனம். இதன் ஆண்டுச் செலவு சிறு குழுக்களுக்குச் சுமை. எனவே மக்கள் அமைப்புக்குச் சங்கமே பொருத்தமானது என்பது என் கருத்து.

அடுத்தது பதிப்புரிமை. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, எழுதியவர் கையொப்பமிட்ட ஆவணம் இன்றி உரிமை கைமாறாது. ஆவணத்தில் காலம் குறிப்பிடப்படவில்லையெனில் அவ்வுரிமை மாற்றம் 5 ஆண்டுகளுக்கே செல்லும். ஆகவே தொகைநூல் வெளியிடும் அமைப்பு முழு உரிமையைக் கோராமல், குறிப்பிட்ட பதிப்புக்கான அனுமதி மட்டும் பெறுவதே அறம். ஒப்பாரியும் தாலாட்டும் பாடும் மூதாட்டிக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு. அவர் இசைவின்றி அவர் குரலைப் பதிவு செய்து வெளியிடுவது, இலக்கியத் தொண்டு என்ற பெயரில் நடந்தாலும், அவ்வுரிமையை மீறுவதே. அவரது பெயர், இசைவு, மதிப்பூதியம் மூன்றையும் எழுத்தில் பதிவு செய்ய வேண்டும்.

நிதியிலும் விழிப்பு தேவை. வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பின், வெளிநாட்டு நன்கொடை பெறும் பெரிய அமைப்பு அதனை வேறோர் அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. பெரிய தொண்டு நிறுவனங்கள் வழியாக அந்நிதி சிற்றூர்க் குழுவுக்கு வரும் பாதை இதனால் அடைபட்டது. கலை, பண்பாட்டுப் பணிகளுக்கு நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி கிடைக்கக்கூடும்; ஆயினும் மேடையில் எதைப் பாடலாம் என்பதை நன்கொடையாளர் தீர்மானிக்கும் நிலை வரக்கூடாது. சிறு சந்தாவும் நூல் விற்பனையும் அடிப்படைச் செலவைத் தாங்குமாறு திட்டமிடுவதே பாதுகாப்பு.

துணைவிதி வரைவை எளிய தமிழில் எழுதி, கையொப்பமிடும் முன் ஊரில் அனைவர் முன்னிலையிலும் வாய்விட்டுப் படியுங்கள். எழும் கேள்விகளுக்கு ஏற்பத் திருத்துங்கள். பதிவாளர் அலுவலகத்துக்கு அதன் பிறகு செல்லலாம்.